காலி இருக்கைக் காப்பாளர்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் சக்கரத்துக்கு அடுத்தபடியாகச் சொல்லத்தக்கது சங்கம்தான். சக்கரம் மனிதனை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோயிற்று. சங்கம் அவன் உட்கார்ந்துகொண்டு போவதற்கு வழி செய்தது.

இதில் ஐயமுள்ளவர்கள், கோலார் தங்க வயலிலிருந்து காலையில் பெங்களூருக்குப் போகும் ரயிலின் நான்காம் பெட்டியில் ஏறிப் பார்க்கலாம். ஏறத்தான் முடியும். உட்கார முடியாது. உட்காருவதற்கு ‘ஊரிகம் நான்காம் பெட்டி நித்தியப் பயணிகள் நல்லுறவு மற்றும் நல்வாழ்வுச் சங்க’த்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். உறுப்பினராவதற்கு ஓர் இடம் காலியாக வேண்டும். இடம் காலியாவதற்கு யாராவது வேலையிலிருந்து ஓய்வுபெற வேண்டும், அல்லது இன்னும் நிரந்தரமான ஓய்வைப் பெற வேண்டும். அதுவரை மற்றவர்கள் நின்றுகொண்டே சங்கத்தின் நல்லுறவைக் கண்டு மகிழலாம்.

இப்பேர்ப்பட்ட சங்கத்தில் மனோகருக்கு மிகப் பெரிய பொறுப்பு ஒன்று இருந்தது. உறுப்பினர் என்ற தகுதி மட்டும்தான் இல்லை.

அந்தப் பொறுப்பின் பெருமை விளங்க வேண்டுமானால் நிறுவனரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிறுவனர் ராஜப்பா. சுரங்கம் மூடியபின் பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் மோட்டார் பார்க்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். மாரிக்குப்பத்தில் வண்டி புறப்படும்போதே ஏறி ஜன்னலோரத்தில் ஓர் இடம் பிடிப்பார். சுற்றிலுமுள்ள இடங்களில் துண்டு, கைக்குட்டை, சாப்பாட்டுப் பை என்று எதையாவது போட்டு வைப்பார். பங்காருப்பேட்டையில் கூட்டம் முண்டியடித்து ஏறும். அந்த முண்டியடிப்பில் தோற்றுக் கடைசியாக ஏறுகிறவர்கள் யாரோ, அவர்களைத் தேடிப் பிடித்து அந்த இடங்களில் உட்கார வைப்பார். துண்டுகள் தீர்ந்தபின் தன் இடத்தையும் கொடுத்துவிட்டு எழுந்து நிற்பார். இதைப் பார்த்து வேறு சிலரும் துண்டு போட ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான் சங்கம். அதற்குப் பெயர் இல்லை, விதி இல்லை, அடையாள அட்டை இல்லை. இவ்வளவு பின்தங்கிய நிலையிலும் அது எப்படி நன்றாக நடந்துவந்தது என்பது நிர்வாகிகளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ராஜப்பா காலமானார். சங்கம் வளர ஆரம்பித்தது.

கங்காதரன் தலைவரானார். ஆண்டர்சன்பேட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர். சரக்கெடுக்க வாரத்தில் இரண்டு நாள்தான் பெங்களூர் போவார். மற்ற நாட்களில் அவர் சார்பில் அவருடைய துண்டு அந்த இருக்கையில் பெங்களூர் போய்வரும். இன்பராஜ் செயலாளரானார். பெங்களூரில் ஓர் அலுவலகத்தில் கோப்புப் பிரிவில் இருப்பவர். தீர்மானம் எழுதுவதில் வல்லவர். அவர் வீட்டில் சாம்பாரில் உப்புக் குறைந்தால்கூடக் கண்டனத் தீர்மானம்தான் நிறைவேறும் என்பார்கள்.

சங்கத்தின் முதல் தீர்மானம் நிறுவனருக்கு நினைவுச் சின்னம் எழுப்புவது. சிலை வைக்க ரயிலில் இடம் போதாது. எனவே அவர் பிடித்துவந்த ஜன்னலோர இருக்கையே ‘நிறுவனர் நினைவிருக்கை’ ஆயிற்று. அதன் காரணத்தை இன்பராஜ் தீர்மானத்திலேயே விளக்கியிருந்தார். “நம் நிறுவனர் தன் வாழ்நாளில் தேக்கல் ஸ்டேஷனைத் தாண்டி அந்த இருக்கையில் ஒருநாளும் அமர்ந்ததில்லை. அவரே அமராத இருக்கையில் வேறு யாரும் அமர்வது அவரை அவமதிப்பதாகும். எனவே அது என்றென்றும் காலியாகவே இருக்கும்.”

தீர்மானத்தின் நகல் ரயில்வேக்கு அனுப்பப்படவில்லை. அவர்களைச் சிரமப்படுத்துவானேன் என்ற கருணைதான்.

நினைவிருக்கையில் ராஜப்பாவின் படம் வைக்கப்பட்டது. அவர் மனைவி தங்கம்மாவிடம் இருந்த ஒரே படம் அது. “பெரிசு பண்ணிட்டுத் திருப்பித் தரோம்மா” என்று வாங்கிவந்தார்கள். பெரிசு பண்ணவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. ஆனால் மாலை போட்டார்கள். சந்தனச் சீவல் மாதிரியே செய்த பிளாஸ்டிக் மாலை.

ஆனால் படம் தானாகத் தன் இருக்கையைக் காத்துக்கொள்ளாது. முதல் வாரத்திலேயே மாலூர் ஆசாமி ஒருவர் ராஜப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பெங்களூர்வரை தூங்கிவிட்டார். அப்போதுதான் ‘காலி இருக்கைக் காப்பாளர்’ பதவி உருவாயிற்று. ‘உறுப்பினராக விரும்புவோர் இப்பதவியில் திறம்படப் பணியாற்றினால் அவர்களது விண்ணப்பம் கனிவுடன் பரிசீலிக்கப்படும்.’

மனோகர் இரண்டு வருடமாகக் கனிவுடன் பரிசீலிக்கப்பட்டு வந்தார்.

அவருக்கு ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளருக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. ஸ்டேஷன் கூப்பிடு தூரம். ஆனாலும் விடியுமுன் எழுந்து, எதிர்த்திசையில் மாரிக்குப்பத்துக்கு நடந்து போவார். வண்டி காலியாக நிற்கும். எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம். மனோகர் பையிலிருந்து ராஜப்பாவை எடுத்து, துடைத்து, நினைவிருக்கையில் அமர்த்திவிட்டுப் பக்கத்தில் நிற்பார். காவலர் உட்கார்ந்துகொண்டு காப்பது காவலாகாது என்பது உபவிதி. பெங்களூரில் அவர் வேலை பார்ப்பது ஒரு மருந்துக் கிடங்கில். அங்கும் நாளெல்லாம் நின்றபடி பெட்டிகளைச் சரிபார்க்க வேண்டும். அவருடைய வலது முட்டி இதைப் பற்றி ஒரு கண்டனத் தீர்மானம் நிறைவேற்றி வெகுநாளாகிறது.

“சார், சீட்டு காலிதானே?” என்பார் யாராவது.

“காலிதான்.”

“அப்ப குந்தலாமா?”

“கூடாதுங்க.”

“யாராச்சும் வராங்களா?”

“வரமாட்டாங்க.”

“வராத ஆளுக்கு இன்னாத்துக்கு சார் சீட்டு?”

“அவரு போய்ச் சேந்துட்டாருங்க. அதான்.”

“சேந்துட்டாருன்னா அப்புறம் இன்னா? வந்து எழுப்பவா போறாரு?”

பெமல் நகரிலிருந்து வரும் கன்னடக்காரர் ஒருவர் தினமும் “குரு, சொல்ப அட்ஜஸ்ட் மாடி”, கொஞ்சம் இடம் கொடுங்கள் என்று ஆரம்பிப்பார். மனோகர் கைகூப்புவார். அவரும் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கைகூப்பிவிட்டுப் பக்கத்தில் நின்றுகொள்வார். இப்படி மறுத்து மறுத்தே அந்தப் பெட்டியில் நிற்கிறவர்கள் எல்லாரையும் மனோகருக்குத் தெரிந்திருந்தது. யாருக்குச் சர்க்கரை, யார் பையன் எந்தப் பாடத்தில் தோற்றுவிட்டான், யார் வீட்டு மாடு கன்று போட்டது எல்லாம் தெரியும். ஆனால் அதெல்லாம் கணக்கில் வராது. நிற்கிறவர்களுக்குச் சங்கம் ஏது?

மனோகர் இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணங்கள் உண்டு. முதல் காரணம் பழையது. அப்பா இறந்து காரியம் முடிந்து, மறுபடி வேலைக்குக் கிளம்பிய நாள். மொட்டைத் தலையோடு கதவோரம் நின்றிருந்தார். ராஜப்பா ஒன்றும் விசாரிக்கவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு, “இன்னாத்துக்கு நிக்கிற? குந்து கண்ணு” என்றார். அவ்வளவுதான். அந்த நான்கு சொல்லுக்குப் பிறகு மனோகருக்கு இந்த உலகத்தில் வேறு எந்தக் கூட்டத்திலும் சேரத் தோன்றவில்லை.

இரண்டாவது காரணம் புதியது. மகள் ஸ்வாதிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். சம்பந்தி விநாயக் முல்பாகலில் ஒரு பெரிய குடும்பத்துக்காரர். போனில் கேட்டார், “நம்ம பக்கம் ரெண்டு வேன் வருது. உங்க பக்கம் எத்தினி பேருங்க?”

மனோகர் ஒற்றைப் பிள்ளை. சொந்தமெல்லாம் குடியாத்தம் பக்கம். வருவோம் என்பார்கள், வரமாட்டார்கள். மனோகர் வாயில் வந்துவிட்டது: “எங்க சங்கமே வருதுங்க.”

சங்கம் உறுப்பினர் வீட்டு விசேஷங்களுக்குப் பேனரோடு திரண்டு போவது வழக்கம். ஆளுயரக் குத்துவிளக்கு ஒன்றைப் பரிசளித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு விளக்கைத் திரும்பக் கொண்டுபோய்விடுவார்கள். அடுத்த விசேஷத்துக்கு வேண்டுமே. ஆனால் உறுப்பினர் அல்லாதார் வீட்டுக்கு விளக்கும் வராது, ஆளும் வராது.

“சங்கமே வருதா?” என்றாள் மனைவி லதா. “உங்களத்தான் இன்னும் சேத்துக்கலியே.”

“வெள்ளிக்கிழம நினைவுநாள். அன்னிக்கி சேத்துக்கிறதா தலைவரே சொல்லிக்கினாரு.”

“ரெண்டு வருசமா ஒரு போட்டோ குந்தறதுக்கு எடம் புடிக்கிறீங்க. எனக்கு ஒருநாளு, ஒரே ஒருநாளு, ஒரு சேர இஸ்துப் போட்டிருப்பீங்களா?”

மனோகர் உடனே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“வேணாம். தோச கருகிடும்” என்று லதா போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை மனோகர் வழியிலிருந்த பிள்ளையார் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். “சாமி, இன்னிக்கி என்ன மெம்பராக்கிடு. வேற ஒண்ணியும் கேக்கல.”

நினைவு நாள் என்பதால் நான்காம் பெட்டி வாழைக்கன்றும் காகிதத் தோரணமுமாக இருந்தது. ரயிலில் கற்பூரம் ஏற்றக் கூடாது. அதனால் பேட்டரியில் எரியும் கற்பூரத் தட்டு ஒன்று வாங்கியிருந்தார்கள். அதை அசைத்தால் மந்திரமும் சொல்லும். உறுப்பினர்கள் எல்லாரும் தங்கநிறப் பேட்ஜ் குத்தி உட்கார்ந்திருந்தார்கள்.

பங்காருப்பேட்டையில் கூட்டம் ஏறியது. எல்லாரும் ஏறி முடித்தபின் ஒரு பெண் கம்பியைப் பிடித்துத் தொங்கி ஏறினாள். ஷோபா என்று பெயர். ஒயிட்ஃபீல்டில் ஒரு தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் வேலை. மனோகருக்கு முகம் தெரிந்தவள்தான். இன்றைக்கு இடது கணுக்காலில் கட்டுப் போட்டிருந்தாள். கூட்டம் நெருக்கி நெருக்கி அவளை நினைவிருக்கை வரைக்கும் கொண்டுவந்து விட்டது. இருக்கைக்கு அந்தப் பக்கம் அவள் ஒற்றைக் காலில் நின்றாள். இந்தப் பக்கம் மனோகர் வலது முட்டியைத் தூக்கி இடது காலில் நின்றார். நடுவில் ராஜப்பா வசதியாக உட்கார்ந்திருந்தார். கோயில் வாசலில் இரண்டு துவாரபாலகர்கள் நிற்பது போல் இருந்தது.

“இன்னாம்மா காலு?” என்றார் மனோகர்.

“படியில சுளுக்கிக்கிச்சு அண்ணா. ரெண்டு நாளு லீவு கேட்டேன். வந்து கேளுன்றாங்க.”

“வந்து கேக்கறதுக்கா போற?”

“ஆமாண்ணா. குடுத்தா அடுத்த வண்டியில திரும்பிடுவேன்.”

வண்டி புறப்பட்டது. இன்பராஜ் கைதட்டி அமைதி கேட்டார். “மௌன அஞ்சலி” என்று அறிவித்தார். எல்லாரும் மௌனமானார்கள். பேட்டரிக் கற்பூரம் மட்டும் மந்திரம் சொல்லிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தும் பொத்தான் எது என்று யாருக்கும் தெரியவில்லை.

பிறகு தலைவர் உரை. கங்காதரன் உட்கார்ந்தபடியே பேசினார். ஓடும் வண்டியில் எழுந்து நின்று பேசுவது ஆபத்து என்று அவருக்குத் தெரியும்.

“ராஜப்பா யாரு? அவர் ஒரு மனிதர் அல்ல, ஒரு கொள்கை! ஒருத்தர் நிற்பதைக் கண்டால் அவர் மனசு தாங்காது. இவன் யாரு, என்ன சாதி, எந்த ஊரு, எதையும் கேட்கமாட்டார். எழுந்து இடம் கொடுப்பார். அவரை நாம் வணங்கினால் போதுமா? அவர் வழியில் நடக்க வேண்டாமா? நண்பர்களே, நம் கண்ணெதிரே ஒருவர் நிற்கும்போது நாம் எப்படிச் சும்மா இருக்க முடியும்?”

உறுப்பினர்கள் உட்கார்ந்தபடியே பலமாகக் கைதட்டினார்கள். நின்றிருந்தவர்களுக்குக் கைதட்ட வசதியில்லை. கம்பியைப் பிடித்திருந்தார்கள்.

இங்கேதான் மனோகர் ஒரு பெரிய தவறு செய்துவிட்டார். சங்க வரலாற்றில் யாரும் செய்யாத தவறு. தலைவரின் உரையைக் காதுகொடுத்துக் கேட்டுவிட்டார்.

எதிரே ஷோபா தள்ளாடினாள். தேக்கல் ஸ்டேஷன் ஜன்னலில் வந்து நின்றது. ராஜப்பா எழுந்திருக்கிற இடம். மனோகர் ஒன்றும் யோசித்ததாகத் தெரியவில்லை. படத்தை எடுத்துத் தன் பைக்குள் பத்திரமாக வைத்தார்.

“இன்னாத்துக்கு நிக்கிற? குந்தும்மா.”

ஷோபா உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு வருடமாக உலக நன்மைக்காகக் காலியாக இருந்த இருக்கை அவ்வளவு சுலபமாக நிரம்பிவிட்டது.

பெட்டியில் இப்போதுதான் உண்மையான மௌன அஞ்சலி நிலவியது.

“மனோகர்!” என்றார் இன்பராஜ். “என்னய்யா பண்ணிட்ட? யாரக் கேட்டு உக்கார வச்ச?”

“யாரையும் கேக்கல சார்.”

“கேட்டிருந்தா நாங்க மறுத்திருப்போமா?”

“மறுத்திருப்பீங்க சார்.”

“ஆங்! கேட்டு, நாங்க மறுத்து, அதுக்கப்புறம் உக்கார வச்சிருந்தா அது உத்தரவ மீறினது. அதுக்கு விதி இருக்கு. நீ கேக்கவே இல்ல. இப்ப எந்த விதியில நடவடிக்கை எடுக்கிறது? கொஞ்சமாச்சும் பொறுப்பு வேணாம்?”

“தலைவரு சொன்னாரேன்னுதான்...”

கங்காதரன் திடுக்கிட்டார். “நான் என்ன சொன்னேன்?”

“கண்ணெதிர்ல ஒருத்தர் நிக்கும்போது சும்மா இருக்கக் கூடாதுன்னீங்க.”

“அட, அது உரை இல்லையா! உரைய எடுத்து நடைமுறையில கொண்டாந்து போடுறியே. இப்படியே எல்லாரும் ஆரம்பிச்சா நாங்க எப்படிய்யா உக்கார்றது?”

அவசரச் செயற்குழு அங்கேயே கூடியது. கூடுவதற்கு யாரும் நகர வேண்டியிருக்கவில்லை. மனோகரைச் சங்கத்திலிருந்து நீக்குவதென்று ஒருமனதாக முடிவாயிற்று. எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும் போலிருந்தபோது, மூலை இருக்கையிலிருந்த சிரில் என்ற மூத்த உறுப்பினர் இட்லியை விழுங்கிவிட்டுக் கேட்டார்.

“ஏம்பா இன்பராஜு, அவன் மெம்பரே இல்லியே. இல்லாதவன எப்பிடி எடுக்கிறது?”

செயற்குழு திகைத்தது. நியாயமான கேள்வி. சங்கத்தில் இல்லாத ஒருவரைச் சங்கத்திலிருந்து நீக்கினால் நாளை கோலார் தங்க வயல் முழுவதையும் நீக்க வேண்டிவரும். ஆனால் இன்பராஜ் சாமானியரல்லர். ஒரு நிமிடம் கண்மூடியிருந்துவிட்டு எழுந்தார்.

“முதல்ல சேத்துக்குவோம். அப்புறம் நீக்குவோம்.”

“ஒரே கூட்டத்துலயா?” என்றார் சிரில்.

“ரெண்டு கூட்டம். மாலூர்ல ஒண்ணு. ஒயிட்ஃபீல்டுல ஒண்ணு.”

அவ்வாறே, மாலூர் ஸ்டேஷன் வந்ததும் மனோகர் முறைப்படி உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். தலைவர் தன் கையாலேயே தங்கநிறப் பேட்ஜைக் குத்தினார். புதிய உறுப்பினரைக் கைதட்டி வரவேற்க வேண்டும் என்று விதி இருந்ததால் எல்லாரும் கைதட்டினார்கள். ஷோபா கண்விழித்துப் பார்த்து, என்னவோ நல்லது நடக்கிறது என்று நினைத்து அவளும் கைதட்டினாள்.

பிள்ளையார் வேண்டுதலைத் தட்டவில்லை. எவ்வளவு தூரத்துக்கு என்பதை மனோகர்தான் சொல்ல மறந்துவிட்டார்.

உறுப்பினர் நிற்கக் கூடாது. அதுவும் விதி. நகர்ந்து உட்கார்ந்து அவருக்கு ஓர் இடம் ஒதுக்கினார்கள். மனோகர் உட்கார்ந்தார். வலது முட்டி ‘அப்பாடா’ என்றது. ஜன்னலில் காற்று வந்தது. சங்கத்தில் இருப்பதென்றால் இதுதானா என்று அவர் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்கும்போதே, மாலூரில் ஏறிய முதியவர் ஒருவர் அவரைக்காய் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, அதை எங்கே இறக்குவது என்று தெரியாமல் நிற்பது கண்ணில் பட்டது.

தேவனகொந்தி வருவதற்குள் மனோகர் எழுந்துவிட்டார். முதியவர் உட்கார்ந்திருந்தார். உட்காராத விஷயத்தில் இது நிறுவனரின் சாதனையையே முறியடிப்பதாக இருந்தது. செயற்குழு இதைக் கண்டும் காணாதது போல இருந்தது. எப்படியும் ஒயிட்ஃபீல்டு வரப்போகிறது.

“சார்,” என்றார் மனோகர் தணிந்த குரலில், “ஞாயித்துக்கெழம பொண்ணுக்கு நிச்சயம். நம்ம ஊரு மண்டபத்துலதான். சம்பந்தி கிட்ட சங்கமே வருதுன்னு சொல்லிட்டேன். அதுவரைக்குமாச்சும் வச்சிக்கினு திங்கக்கெழம எடுத்துருங்களேன்.”

கங்காதரனுக்குக் கொஞ்சம் மனம் இளகியது. இன்பராஜைப் பார்த்தார்.

“அஜெண்டாவுல ஞாயித்துக்கெழம இல்ல” என்றார் இன்பராஜ்.

ஒயிட்ஃபீல்டில் பேட்ஜ் கழற்றப்பட்டது. இதற்குக் கைதட்டலாமா என்பது பற்றி விதியில் தெளிவில்லை. சிலர் தட்டினார்கள். ஷோபா இறங்குமுன் திரும்பி மனோகரைப் பார்த்தாள். ஏதோ கேட்க வந்தவள் போலிருந்தது. கூட்டம் அவளை இறக்கிவிட்டது.

மாலை வீட்டுக்கு வந்து பையைத் திறந்தபோதுதான் மனோகருக்கு உறைத்தது. நீக்கிய அவசரத்தில் யாரும் ராஜப்பாவைக் கேட்டு வாங்கவில்லை. விதிகள் அத்தனையையும் நினைவில் வைத்திருந்த சங்கம் நிறுவனரை மட்டும் மறந்துவிட்டது. லதா படத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் நடந்ததைச் சொன்னார்.

“இத்த கொண்டுபோயி தங்கம்மாக்கா கையில குடுத்துட்டு வாங்க” என்றாள். “அது உங்க சங்கத்துதா? அவங்க வூட்டுக்காரு.”

தங்கம்மா அடுத்த லைனில் தனியாக இருந்தார். படத்தை இரண்டு கையாலும் வாங்கினார். பிளாஸ்டிக் மாலையைக் கழற்றி ஒரு மூலையில் வைத்தார். சுவரில் ஓர் ஆணி இருந்தது. அதில் ஒரு முழம் கதம்பம் வாடிக்கிடந்தது.

“ரெண்டு வருசமா ஆணிக்குத்தான் பூ வெச்சிக்கினு இருந்தேன் தம்பி” என்றார். “வண்டியில குந்தியிருக்காரான்னு கேட்டா, ஆமாம்பாங்க. சிரிப்பு வரும் எனக்கு. அந்த மனுசன் என்னிக்கி குந்தினாரு?”

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முல்பாகலிலிருந்து இரண்டு வேன் வந்தது. மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் நிரம்பியது. பெண் வீட்டுப் பக்கம் லதாவின் தம்பி, அவன் மனைவி, முன்வரிசையில் தங்கம்மா, அப்புறம் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு நாற்காலியைக் காப்பதே பெரிய பொறுப்பு. இன்றைக்கு மனோகரிடம் ஒரு மண்டபமே இருந்தது.

“சங்கம் எப்ப வருதுங்க?” என்றார் விநாயக். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார். மனோகர் காலி நாற்காலி ஒன்றை நேராக நகர்த்தி வைத்தார்.

வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. ஷோபா இறங்கினாள், ஒற்றைக் காலில். பின்னாலேயே பெமல் நகர்க் கன்னடக்காரர் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தார். அவருக்குப் பின்னால் பங்காருப்பேட்டைப் பூக்காரம்மா, மருத்துவமனை ஆயா இரண்டு பேர், தினமும் மறுக்கப்பட்ட மெக்கானிக் பையன்கள். அவரைக்காய் மூட்டையை இன்றைக்கும் சுமந்துகொண்டு அந்த முதியவர். இரண்டு வருடமாக “குந்தலாமா?” என்று கேட்டு, “கூடாதுங்க” என்று பதில் வாங்கியவர்கள் எல்லாரும் சாரிசாரியாக வந்தார்கள்.

“நீங்க அந்தாள கெஞ்சினீங்களே, எனக்குக் காதுல விழுந்திச்சு அண்ணா” என்றாள் ஷோபா. “லீவு குடுக்கல, நேத்தும் வண்டியில போனேன். நீங்க வரலியே, வண்டி பூரா சொல்லிட்டேன். மண்டபம் எதுன்னு இவருக்குத் தெரிஞ்சிருந்திச்சு” என்று கன்னடக்காரரைக் காட்டினாள்.

கன்னடக்காரர் கைகூப்பினார். “குரு, இவத்தாதரூ சீட் இதெயா?” இன்றைக்காவது இடம் உண்டா என்று அர்த்தம்.

“குந்துங்க, குந்துங்க” என்றார் மனோகர். லதா நாற்காலி இழுத்துப் போட ஓடினாள். அவரும் ஓடினார். நாற்காலிகள் தீர்ந்துபோயின. மாப்பிள்ளை வீட்டாரே எழுந்து நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

“பரவால்லயே, பெரிய சங்கம்தான்” என்றார் விநாயக் வியந்துபோய்.

சரியாக அந்த நேரத்தில்தான் உண்மையான சங்கம் வந்தது. கங்காதரன் முன்னால், இன்பராஜ் பின்னால், பேனர் அதற்கும் பின்னால். குத்துவிளக்கு வரவில்லை. அவர்கள் வந்தது வாழ்த்துவதற்கல்ல. நிறுவனரின் படத்தை மீட்பதற்கு.

“சங்கச் சொத்து உங்ககிட்ட இருக்கு” என்றார் இன்பராஜ். “நாளைக்கு வண்டி கெளம்பறதுக்குள்ள வேணும்.”

“எங்கிட்ட இல்ல சார். அவங்ககிட்ட குடுத்துட்டேன்” என்று மனோகர் தங்கம்மாவைக் காட்டினார்.

இன்பராஜ் அவரை அப்போதுதான் பார்த்தார். நிறுவனரின் மனைவி என்பது நினைவுக்கு வரச் சற்று நேரம் பிடித்தது. வந்ததும் மிக மரியாதையாகப் பேசினார்.

“அம்மா, அவருக்குக் குடுக்கிறதுக்கு அதிகாரமே இல்ல. அவர் நம்ம மெம்பர் கெடையாது.”

“மெம்பர் இல்லியா?”

“இருந்தார். இப்ப இல்ல. மாலூர்ல சேத்தோம். ஒயிட்ஃபீல்டுல எடுத்துட்டோம்.”

“ஏன் நின்னுக்கினே பேசறீங்க? குந்துங்க” என்றார் தங்கம்மா. நாற்காலி இல்லை. ஷோபா எழுந்தாள். அவரைக்காய் முதியவரும் எழுந்தார். தலைவரும் செயலாளரும், சுளுக்குக் காலையும் நரைத்த தலையையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தால் உட்கார்ந்துவிட்டார்கள்.

தங்கம்மா இருவரையும் பார்த்தார். கோபமாகத் தெரியவில்லை. வெகுநாள் தெரியாமலிருந்த நல்ல சேதி ஒன்று கிடைத்தது போலத்தான் இருந்தது.

“பரவால்ல சாமி” என்றார். “அவரு போனதோட அந்தச் சங்கத்துல ஒருத்தரும் இல்லாம போயிட்டாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். ஒருத்தர் இருந்திருக்காரு. மாலூர்லருந்து ஒயிட்ஃபீல்டு வரைக்கும்.”